தபால் அறையைச் சீரமைத்த அனுபவம்: வரவு முத்திரையிலிருந்து மாலைக் கணக்கு வரை

கோவையில் விவசாய மோட்டார் பம்புகள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் தலைமை அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தபால் அறைக்கென்று எழுத்து வடிவில் ஒரு செயல்முறையை 2025 தொடக்கத்தில் வகுத்து, சில மாதங்கள் புழங்கிப் பார்த்துத் திருத்தி, இப்போது எல்லாத் தபாலையும் அதன்படியே கையாண்டு வருகிறோம். மின்னஞ்சல் வந்த பிறகு தபால் அறைக்கு என்ன வேலை இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். சாதாரணக் கடிதங்கள் குறைந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் இன்றும் காகிதமாக வந்து சேர்பவை எவை என்று பார்த்தால், வக்கீல் நோட்டீஸ், நீதிமன்ற அழைப்பாணை, காசோலை, வங்கி உத்தரவாதப் பத்திரம், கையெழுத்திட்ட அசல் ஒப்பந்தம் என்று ஒன்றைக்கூடத் தொலைக்கக் கூடாதவையாகவே இருக்கின்றன. எண்ணிக்கை குறையக் குறைய, ஒவ்வொரு கவரின் கனமும் கூடிவிட்டது.

இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது என்று முடிவு செய்யக் காரணமாக இருந்தது ஒரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து வந்த அறிவிப்பு. வாடிக்கையாளர் ஒருவரின் புகாரையொட்டி வந்த அந்த அறிவிப்பு, சர்வீஸ் பிரிவில் நீண்ட விடுப்பில் இருந்த ஒருவரின் மேசையில் மற்றக் காகிதங்களோடு கிடந்து, சட்டப் பிரிவின் கைக்கு வந்தபோது பதிலளிக்கச் சொற்ப நாட்களே மிஞ்சியிருந்தன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எதிர்த்தரப்பு தன் பதிலை 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாட்கள் தரலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச் 4 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நாட்கணக்கு, புகாரின் நகலோடு கூடிய அறிவிப்பு எதிர்த்தரப்பின் கைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாக்கியிருக்கிறது. அதாவது, எங்கள் வழக்கின் கடிகாரம் வக்கீலின் அறையிலோ சட்டப் பிரிவிலோ ஓடத் தொடங்கவில்லை. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய ரிசப்ஷன் மேசையில்தான் ஓடத் தொடங்கியது.

காசோலை விவகாரமும் அப்படித்தான். பணமில்லாமல் திரும்பிய காசோலைக்கு, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி, வங்கியிடமிருந்து அத்தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். டீலர் கொடுத்த காசோலையும் வங்கியின் ரிட்டர்ன் மெமோவும் ஒரு கவருக்குள் வந்து, அந்தக் கவர் யாருடைய டிராயரிலோ தூங்கினால், பறிபோவது நிறுவனத்தின் உரிமை. இவற்றையெல்லாம் சட்டப் பிரிவினரோடு உட்கார்ந்து பேசிய பிறகு, தபால் அறை எதற்காக இருக்கிறது என்பதில் எனக்குத் தெளிவு பிறந்தது. ஒரு கவர் எந்த நாளில் நம் வாசலைத் தாண்டியது, இந்த நிமிடம் அது யார் பொறுப்பில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு எப்போது கேட்டாலும் அந்த அறை விடை சொல்ல வேண்டும். செயல்முறையில் இடம்பெற்ற ஒவ்வொரு வரியையும் இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றுக்காவது உதவுகிறதா என்று பார்த்தே சேர்த்தோம். உதவாதவற்றை, பார்ப்பதற்கு எவ்வளவு ஒழுங்காகத் தெரிந்தாலும், நீக்கினோம்.

இருந்த நிலை

எழுதத் தொடங்குவதற்கு முன், தபால் எப்படி நகர்கிறது என்பதைத் தபால் அறையின் மூத்த உதவியாளரோடு கூடவே நடந்து பார்த்தேன். அவர் இந்த நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். எந்தப் பிரிவுக்கு எந்தத் தபால் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் விடுப்பில் போனால் அந்த அறிவும் கூடவே விடுப்பில் போய்விடும் என்பதுதான் எங்கள் முதல் சிக்கல்.

கவர்கள் உள்ளே வருவதற்கு வழிகள் பல இருந்தன. தபால்காரர் ரிசப்ஷனில் கொடுப்பார். கூரியர் ஊழியர்கள் சிலர் வாசலில் செக்யூரிட்டியிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பழக்கமான சிலர் நேராக மாடியேறிக் கணக்குப் பிரிவில் கொடுத்துவிடுவார்கள். ரிசப்ஷனில் வாங்கியவற்றைத் தபால் அறைக்குக் கொண்டுவருவதற்கு நேரம் எதுவும் குறிக்கப்படவில்லை. வரும் தபாலைப் பதியும் இன்வர்டு நோட்டு ஒன்று இருந்தது. ஆனால் அதில் தேதி, யாரிடமிருந்து, எந்தப் பிரிவுக்கு என்ற மூன்று கட்டங்களே இருந்தன, வாங்கியவர் கையெழுத்துக்கு இடமில்லை. பிரிவுகளுக்குக் கொண்டுபோன தபால், அங்கே யாரும் இருக்கையில் இல்லாவிட்டால், விசைப்பலகையின் மேல் வைக்கப்பட்டது. பணிமாறிப் போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள் பெயருக்கு வந்தவை ஒரு பிளாஸ்டிக் டிரேயில் சேர்ந்துகொண்டே இருந்தன. அந்த டிரேயை ஒருநாள் மேசையில் கொட்டிப் பிரித்தபோது, காலாவதியான காசோலை ஒன்று கிடைத்தது. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள் மூன்று மாதங்கள்தான் என்பதால், அனுப்பியவரிடம் வேறொன்று கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

இவற்றோடு, ஊழியர்கள் இணையத்தில் வாங்கும் பொருட்களின் பார்சல்கள் வேறு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தபால் அறையில் நடக்க இடமிருக்காது. அவற்றைத் தேடிக் கொடுப்பதிலேயே உதவியாளரின் முற்பகல் கழிந்துவிடும். தனிப்பட்ட பார்சல்களை நிறுவனம் வாங்கவே கூடாது என்று தடை போடலாம் என்றார்கள் சிலர். பகல் முழுவதும் வேலையில் இருப்பவர் வேறெங்கே வாங்குவார் என்பதை எண்ணிப் பார்த்து, அதை நான் ஏற்கவில்லை. செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் தனி அலமாரி போட்டு, ஓடிபி சொல்ல வேண்டிய பார்சலை உரியவரே வந்து வாங்க வேண்டும், மற்றவை அலமாரியில் வைக்கப்படும், அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல, இன்வர்டு பதிவும் கிடையாது என்று அரைப்பக்கத்தில் முடித்துவிட்டோம். அந்த அரைப்பக்கமே தபால் அறையின் பாதி நெரிசலைக் குறைத்தது.

உள்ளே வருவதற்கு ஒரே ஜன்னல்

செயல்முறையின் முதல் விதி, அலுவலகத் தபால் அனைத்தும் தபால் அறையின் ஜன்னலில் மட்டுமே வாங்கப்படும் என்பது. செக்யூரிட்டியோ ரிசப்ஷனோ பிரிவு ஊழியர்களோ கையெழுத்திட்டு வாங்கக் கூடாது. அலுவலக நேரத்துக்குப் பிறகும் விடுமுறை நாட்களிலும் வருபவற்றை மட்டும் செக்யூரிட்டி, பக்க எண் அச்சிட்ட பைண்டு நோட்டில் வந்த நேரத்தோடு எழுதி வாங்கிப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும். அடுத்த வேலைநாள் காலையில் தபால் அறை அதைத் திறந்து நோட்டோடு ஒப்பிட்டு எடுத்துக்கொள்ளும். அந்த நோட்டிலுள்ள தேதியே வரவுத் தேதி. மறுநாள் முத்திரை போட்டுவிட்டோம் என்பதற்காக ஒருநாள் பிந்தி வந்ததாகக் கணக்கிட்டால், அந்த ஒரு நாளை ஆணையமோ நீதிமன்றமோ ஒப்புக்கொள்ளாது.

வாங்கும்போது செய்ய வேண்டியவை சில. தபால்காரரின் கைப்பேசித் திரையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒவ்வொரு கவரிலும் உள்ள எண்ணை அவர் சொல்லும் எண்ணோடு பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டாகக் கொடுத்துவிட்டு மொத்தமாகக் கையெழுத்துக் கேட்டால் மறுக்கலாம். மரியாதையாகச் சொன்னால் எந்தத் தபால்காரரும் கோபித்துக்கொள்வதில்லை. கவர் கிழிந்தோ நனைந்தோ, ஒட்டிய இடம் பிரிந்து மீண்டும் ஒட்டப்பட்டோ இருந்தால், அதை அப்போதே கைப்பேசியில் படமெடுத்து, பதிவில் ‘கிழிந்த நிலையில் பெறப்பட்டது’ என்று எழுத வேண்டும். அனுப்பியவர் யாரென்று தெரியாமல், பொடி சிந்துவது போலவோ எண்ணெய்க் கறையோடோ வந்த கவரைக் குலுக்கவோ முகரவோ பிரிக்கவோ கூடாது. வைத்த இடத்திலேயே விட்டு, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, அறையைச் சாத்திவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும். 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி அடங்கிய கடிதங்களால் 5 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் இருவர் தபால் ஊழியர்கள். எங்களுக்கு அப்படி ஒரு கவர் வருவது அரிதினும் அரிது என்றாலும், தபாலைத் தொடுபவரின் உயிர் தொடர்பான விஷயம் என்பதால் இந்த வரிகளைச் சுவரில் தனியாக ஒட்டியிருக்கிறோம்.

பிரிப்பதும் முத்திரை வைப்பதும்

எந்தக் கவரைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்பதைப் பிரிக்கும் மேசைக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ‘அந்தரங்கம்’ என்று எழுதியவை, ஊழியரின் பெயரை மட்டும் தாங்கியவை, மனிதவளப் பிரிவுக்கான மருத்துவக் காகிதங்கள், கொள்முதல் பிரிவுக்கு வரும் மூடி முத்திரையிட்ட விலைப்புள்ளிகள் ஆகியவற்றைப் பிரிக்கக் கூடாது. விலைப்புள்ளிக் கவரைத் தவறுதலாகப் பிரித்துவிட்டால் அந்தக் கொள்முதலின் நேர்மையே கேள்விக்குள்ளாகும் என்பதால், அதன் வெளிப்புறத்தில் வந்த தேதியையும் நேரத்தையும் எழுதி நேராகப் பூட்டிய பெட்டியில் போட்டுவிடுகிறோம்.

மற்றவற்றை இருவர் உடனிருக்கப் பிரிக்கிறோம். காசோலையோ வரைவோலையோ உள்ளிருந்து வந்தால் அதன் எண்ணும் தொகையும் அந்த இடத்திலேயே பதிவாகி, இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். கடிதத்தில் எத்தனை இணைப்புகள் என்று எழுதியிருக்கிறதோ அத்தனையும் உள்ளே இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது அடுத்த வேலை. இது வெறும் சடங்கு என்று நினைத்தவர்களுக்கு நுகர்வோர் வழக்கையே எடுத்துக்காட்டினேன்: புகாரின் நகல் இல்லாமல் அறிவிப்பு மட்டும் வந்திருந்தால் 30 நாள் கணக்கு ஓடத் தொடங்குவதில்லை. நகல் இருந்ததா இல்லையா என்பதை அன்றைக்கே எழுதி வைத்தால்தான் பின்னால் சொல்ல வாயிருக்கும். பிரித்த கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்ளே எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே ஒதுக்க வேண்டும். சட்டம், வங்கி, அரசுத் துறை சார்ந்த கடிதங்களின் கவரைத் தூக்கி எறியவே கூடாது. அஞ்சல் முத்திரையும் பார்கோடும் கவரில்தான் இருக்கின்றன என்பதால், அதைக் கடிதத்தோடு சேர்த்துப் பின் செய்தே அனுப்புகிறோம்.

வரவு முத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பு இருந்தது நிறுவனப் பெயரும் தேதியும் கொண்ட வட்ட முத்திரை. அதற்குப் பதிலாக, தேதியைத் திருகி மாற்றக்கூடிய நீள்சதுர முத்திரை ஒன்றைச் செய்து வாங்கினோம். மேல் வரியில் ‘பெறப்பட்டது’ என்ற சொல்லும் தேதியும். அதன் கீழே நேரம், வரவு எண், இணைப்புகளின் எண்ணிக்கை, பிரிவு, சுருக்கொப்பம் என்று பேனாவால் நிரப்புவதற்கான ஐந்து கட்டங்கள். கடிதத்தின் முதல் பக்கத்தில் வலது மேல் மூலையில், எழுத்தின் மேல் படாமல் வைக்க வேண்டும். அங்கே இடமில்லையென்றால் முதல் பக்கத்தின் பின்புறம். காசோலை, வங்கி உத்தரவாதம், முத்திரைத்தாள், பங்குச் சான்றிதழ், அசல் பட்டா போன்றவற்றின் மேல் எக்காரணம் கொண்டும் முத்திரை வைக்கக் கூடாது. அவற்றோடு வந்த முகப்புக் கடிதத்தில் வைத்து, அசலைத் துளையிடாமல் பிளாஸ்டிக் உறையில் இட வேண்டும். அசல் பத்திரத்தில் வரவு முத்திரை விழுந்துவிட்டால் அதைப் பெற்றுக்கொள்ளும் வங்கி கேள்வி எழுப்ப வாய்ப்புண்டு. அதற்காக மீண்டும் ஒரு பத்திரம் வாங்குவதற்கு ஆகும் அலைச்சல் கொஞ்சமல்ல. கட்டங்கள் வந்த பிறகு ஒரு நல்ல மாற்றத்தைப் பார்த்தேன்: வெற்றுக் கட்டத்தோடு கடிதம் மேலே போனால், பெறுபவரே கூப்பிட்டுக் கேட்கிறார். முத்திரையே ஒரு சரிபார்ப்புப் பட்டியலாக மாறிவிட்டது.

வரவு எண் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒரே தொடர். கணினியில் எக்செல் தாளில் பதிகிறோம்; அன்றைய பக்கத்தை மாலையில் அச்செடுத்துக் கையொப்பமிட்டுக் கோப்பில் சேர்க்கிறோம். எல்லாக் கடிதங்களையும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்ற யோசனையும் வந்தது. நான் அதற்கு இணங்கவில்லை. பட்டியல்களும் விளம்பரக் கடிதங்களும் ஸ்கேன் ஆகிக் குவிந்தால், தேட வேண்டிய நாளில் அவையே தடையாக நிற்கும். சட்டக் கடிதங்களை மட்டும் முழுமையாக ஸ்கேன் செய்து, காகிதம் போவதற்கு முன்பே சட்டப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறோம்.

கையெழுத்தும் மாலைக் கணக்கும்

காலை 11 மணிக்கு ஒரு சுற்று, மாலை 3.30க்கு ஒரு சுற்று. ஒவ்வொரு பிரிவிலும் தபால் வாங்குவதற்கு ஒருவரும், அவர் இல்லாதபோது வாங்குவதற்கு மாற்றாள் ஒருவரும் எழுத்தில் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். இருவருமே இல்லையென்றால் தபால் திரும்பி வந்து தபால் அறையின் பூட்டிய அலமாரிக்குள் போகும். மேசை மேல் வைப்பது என்பது கிடையாது. சட்டக் கடிதமாக இருந்தால் மட்டும் சுற்றுக்குக் காத்திருக்காமல் உடனே கொண்டுபோக வேண்டும்.

இதற்குத்தான் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. பட்டுவாடா நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால், தங்களை நம்பவில்லையா என்று சில பிரிவுத் தலைவர்கள் வருத்தப்பட்டார்கள். அவர்களிடம் விளக்கும் பொறுப்பை மூத்த உதவியாளரே எடுத்துக்கொண்டார். “நீங்க கையெழுத்துப் போடறது எனக்காக இல்லீங்க சார். நாளைக்கு இந்தக் கவரு எங்கேன்னு யாராச்சும் கேட்டா, உங்ககிட்ட வந்த நேரத்தைச் சொல்றதுக்கு உங்க கையெழுத்தேதானுங்க சாட்சி” என்று அவர் சொன்னது, நான் அனுப்பிய சுற்றறிக்கையைவிட நன்றாக வேலை செய்தது.

இந்த முழு ஏற்பாட்டிலும் நான் மிகவும் மதிப்பது மாலைக் கணக்கைத்தான். அதுவும் அவருடைய யோசனையில் பிறந்ததே. மாலை 5.30க்கு, அன்றைய தினம் வரவு எண் பெற்ற கவர்களோடு முந்தைய நாள் அலமாரியில் மீந்தவற்றைக் கூட்டினால் வரும் எண்ணிக்கை, அன்று பட்டுவாடா நோட்டில் கையெழுத்தானவற்றையும் இப்போது அலமாரியில் இருப்பவற்றையும் கூட்டினால் வரும் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். கடைக்காரர் கல்லாவை எண்ணிவிட்டுக் கடையைச் சாத்துவது போல, இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போனால்தான் தபால் அறை பூட்டப்படும். ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கே தேடுகிறோம். அன்று காணாமல் போன கவர் அன்று மாலையில் பெரும்பாலும் கட்டடத்துக்குள்தான் இருக்கும்: தள்ளுவண்டியின் அடித்தட்டில், பெரிய கவருக்குள் நழுவிய சிறிய கவராக, அல்லது பக்கத்துப் பிரிவின் கட்டோடு சேர்ந்துபோய். ஒரு வாரம் கழித்துத் தேடினால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. அலமாரியில் இரண்டு வேலைநாட்களுக்கு மேல் நிற்கும் எதுவும் பெயரோடு எனக்கு வந்துவிட வேண்டும் என்பதும் விதி. பணிமாறியவர்கள், ஓய்வுபெற்றவர்கள் பெயருக்கு வருபவற்றுக்காக மனிதவளப் பிரிவு மாதம்தோறும் ஒரு பட்டியல் தருகிறது. பதவியின் பெயரால் வந்தால் இப்போது அந்த நாற்காலியில் இருப்பவருக்கும், சொந்தப் பெயரால் வந்தால் உரியவரின் வீட்டு முகவரிக்கும் போகிறது.

வெளியே போகும் தபால்

அனுப்பும் பக்கத்தில் சிக்கல்கள் வேறு வகையானவை. பிரிவுகள் மாலை 5 மணிக்குக் கவரைக் கொண்டுவந்து ‘இன்றே போக வேண்டும்’ என்பார்கள். 3 மணிக்குள் வந்தவை அன்று போகும், பிறகு வந்தவை மறுநாள் போகும் என்று எழுதி, சட்டப் பிரிவின் கடைசிநாள் கடிதங்களுக்கு மட்டும் விலக்கு வைத்தோம். அந்தக் கடிதங்களை உதவியாளரே ரயில் நிலையத்தருகே உள்ள ஆர்.எம்.எஸ் எனப்படும் ரயில்வே அஞ்சல் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வார்.

முகவரியில் பின்கோடு இல்லாத கவரை ஏற்பதில்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான அந்த ஆறு இலக்கங்களில் முதல் மூன்று தபால் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டுகின்றன. எங்கள் டீலர்களின் முகவரிகளைச் சரிபார்த்தபோது பொள்ளாச்சி முகவரி ஒன்றில் 641 என்றும், திருப்பூர் முகவரி ஒன்றில் 642 என்றும் மாறியிருந்தது தெரியவந்தது. கோவையும் திருப்பூரும் 641, பொள்ளாச்சி 642, ஊட்டி 643 என்ற அளவுக்காவது தபால் அறையில் இருப்பவருக்கு மனதில் பதிந்திருந்தால், இத்தகைய பிழைகள் கண்ணில் பட்டுவிடும்.

எடையிலும் ஒரு சிறு கணக்கு உதவியது. ஏ4 தாள் ஒன்று ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் ஒன்றின் எடை 5 கிராம். ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தின் முதல் படி 50 கிராம் வரை. ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட பத்துத் தாள் கடிதம் கவரின் எடையோடு சேர்ந்து அடுத்த படிக்குப் போய்விடுகிறது. இருபுறமும் அச்சிட்டால் ஐந்து தாளில் அடங்கி முதல் படியிலேயே நிற்கிறது. டீலர்களுக்கு மாதந்தோறும் அனுப்பும் கணக்கு அறிக்கைகளை இருபுறமும் அச்சிடச் சொன்னது இதனால்தான்.

அனுப்பிய எண்ணைப் பதிவதில் நேரும் பிழைகளைத் தடுத்த விதம் எனக்கு மிகவும் நிறைவளித்தது. அஞ்சல் துறையின் எண் 13 குறிகள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். ஒன்பது இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த விதிப்படி, முதல் எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, வரும் மீதியை 11இலிருந்து கழித்தால் கிடைப்பதே அந்த இலக்கம். விடை 10 என்றால் 0 என்றும், 11 என்றால் 5 என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். 12345678 என்ற எண்ணைப் போட்டுப் பார்ப்போம்: 8, 12, 12, 8, 15, 30, 63, 56 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 204, 11ஆல் வகுத்தால் மீதி 6, ஆகவே சரிபார்ப்பு இலக்கம் 5. இந்தக் கணக்கை எக்செல் தாளில் ஒரு கட்டத்தில் எழுதி வைத்து, பதிந்த எண் பொருந்தாவிட்டால் கட்டம் சிவப்பாகும்படி செய்தோம். இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டுவதுதான் அடிக்கடி நேரும் பிழை; அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். முன்பு பட்டுவாடா நிலையைப் பார்க்கப் போன நாளில்தான் எண் தவறு என்று தெரியும். இப்போது ரசீது கையில் இருக்கும்போதே தெரிகிறது.

திரும்பி வரும் கவர்களைப் பற்றிய விதியைச் சட்டப் பிரிவினரே எழுதித் தந்தார்கள். ‘பெறுநர் மறுத்தார்’, ‘விட்டுச் சென்றார்’, ‘கதவு பூட்டியிருந்தது’ போன்ற தபால்காரரின் குறிப்புகளோடு திரும்பும் நோட்டீஸ் கவரைத் தபால் அறை பிரிக்கவே கூடாது. சரியான முகவரிக்கு, உரிய கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பப்பட்ட கடிதம், மாறாக நிரூபிக்கப்படாத வரை, பெறுநரிடம் சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு. அதற்குச் சான்றாக நீதிமன்றத்தில் வைக்கப்படுவது, மூடியபடியே திரும்பிய அந்தக் கவர்தான். அதைப் பிரித்து உள்ளிருக்கும் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டுக் கவரைக் குப்பையில் எறிவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது, அதற்கு முன் தபால் அறையில் யாருக்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை.

2025 செப்டம்பருக்குப் பிறகு

செயல்முறை நிலைபெற்று வந்த வேளையில்தான், 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சல் சேவை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. எங்கள் அனுப்புகைப் பக்கங்களில் பல இடங்களில் ‘ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்புக’ என்று இருந்தது. பிறகு அக்டோபர் 1 முதல் புதிய கட்டணங்கள் வந்தபோது, பெறுநரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ மட்டும் கொடுக்கப்படும் ‘பதிவு’ வசதி, கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் செலுத்தினால் ஸ்பீடு போஸ்ட்டிலேயே கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. இந்த மாற்றம் வாய்மொழியாகப் பரவியிருந்தால், கவுண்டரில் வெறும் ஸ்பீடு போஸ்ட் என்று கேட்டு வக்கீல் நோட்டீஸ்களை அனுப்பியிருக்கக்கூடும். எழுத்தில் இருந்ததால், எந்தெந்தப் பக்கங்களில் அந்தச் சொல் வருகிறது என்று தேடி, அந்தப் பக்கங்களை மட்டும் திருத்தி, பழைய தாள்களை எடுத்துவிட்டுத் திருத்திய தேதியோடு புதியவற்றைக் கோப்பில் வைத்தோம். சட்டக் கடிதங்களுக்கு ‘பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்ட், பட்டுவாடாச் சான்றுடன்’ என்று கேட்க வேண்டும் என்பதும், ரசீதில் அது அச்சாகியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்பதும் இப்போதைய வாசகம். ரசீதின் மை நாளடைவில் மங்கிவிடும் என்பதால், அன்றைக்கே அதை நகலெடுத்துக் கடிதத்தின் அலுவலகப் படியோடு இணைக்கிறோம்.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. திருப்பூரிலும் ஈரோட்டிலும் உள்ள எங்கள் கிடங்குகளுக்கு நேரடியாக வரும் தபாலில் இதே ஒழுங்கு வரவில்லை. அங்கே தபாலுக்கென்று தனி ஆள் கிடையாது, கிடங்குப் பொறுப்பாளரே வாங்கிக்கொள்கிறார். முழுச் செயல்முறையையும் அங்கே திணிப்பதில் பயனில்லை என்பதால், வரவு முத்திரை, பைண்டு நோட்டு, சட்டக் கடிதத்தைப் பிரித்தவுடன் படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது என்ற மூன்றை மட்டும் கொண்ட ஒரு பக்கத் தாளை மூத்த உதவியாளர் எழுதிக்கொண்டிருக்கிறார். கிடங்கில் மாலைக் கணக்கை யார் பார்ப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை; லாரியில் சரக்கு ஏற்றிய கணக்கை முடிக்கும் நேரத்திலேயே தபாலையும் எண்ணிவிடலாம் என்று ஈரோட்டுக் கிடங்குப் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் அங்கே அதைச் செய்து பார்க்கப் போகிறோம்.